அநீதிக்கு ஆளானவருக்கும் கடமை உண்டா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயக் கூடங்களில் ஒரு விவாதம் நூறாண்டுக்கும் மேலாக ஓயாமல் நடந்துவருகிறது. பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள், துப்பாக்கிக்குப் பலியான இளைஞர்கள், சிறையில் இருக்கும் தகப்பன்மார், குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் தாய்மார் என்று பேச்சு தொடங்கும். சற்று நேரத்தில் கூட்டம் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். அடிமை முறையில் தொடங்கி வேலை மறுப்பு, வீட்டுக் கடன் மறுப்பு, காவல்துறையின் கெடுபிடி வரை அத்தனையும் செய்தவர்களை விட்டுவிட்டு நம் பிள்ளைகளையா குறை சொல்வது என்று ஒரு தரப்பு கேட்கும். நம் பிள்ளைகளை நாமே திருத்தாவிட்டால் வேறு யார் வந்து திருத்துவார்கள் என்று மறுதரப்பு கேட்கும். பார்வைக்கு இது சமூகவியல் தகராறு; எது காரணம், எது விளைவு என்ற சச்சரவு. ஆனால் சமயமும் மெய்யியலும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய பழைய கேள்வி ஒன்று அதற்கு அடியில் கிடக்கிறது. அநீதிக்கு ஆளானவரிடம் போய், உனக்கும் கடமை உண்டு என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால், அந்தக் கடமை யாருக்குச் செய்ய வேண்டியது? அவருக்கும் கடமை உண்டு என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அது அவர் தம் சக மனிதருக்குப் பட்ட கடன். தம்மை ஒடுக்கிய சமூகத்துக்குப் பட்ட கடன் அல்ல. இந்த வேறுபாட்டை மறந்தபோதெல்லாம், பேசியவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், கடமைப் பேச்சு இளைஞர்களின் தலையில்தான் விடிந்திருக்கிறது.

விவாதத்தின் இரு முனைகளையும் ஒரே நூலில் சேர்த்துப் பிடித்தவர் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். பிலடெல்ஃபியா நகரின் ஏழாவது வட்டத்தில் வீடு வீடாக விசாரித்து 1899இல் அவர் வெளியிட்ட ‘தி பிலடெல்ஃபியா நீக்ரோ’ வறுமையையும் குற்றத்தையும் குடும்பச் சிதைவையும் மறைக்கவில்லை. முடிவுரையில் கறுப்பினத்தவரின் கடமை, வெள்ளையரின் கடமை என்று இரண்டையும் தனித்தனியே எழுதினார். ஒன்றைக் காட்டி மற்றதிலிருந்து யாரும் தப்ப முடியாதபடி எழுதினார். 66 ஆண்டுகள் கழித்து, 1965 மார்ச்சில், அமெரிக்கத் தொழிலாளர் துறையின் உதவிச் செயலராக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். அவரது நோக்கம் பழி சொல்வதல்ல. ஆண்களுக்கு வேலை கிடைக்க அரசு முனைய வேண்டும் என்பதே. ஆனால் அடிமை முறையும் வேலையின்மையும் குலைத்த குடும்பமே இப்போது சிக்கலின் மையம் என்று அறிக்கை சொன்னது. அது வெளியே கசிந்த அதே கோடையில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தது. வேலைவாய்ப்புப் பகுதியை எல்லாரும் மறந்தார்கள். தாய்மார் தலைமை தாங்கும் குடும்பம் கோளாறானது என்ற வரி மட்டும் நின்றது. பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்குவது என்ற வழக்கை நூல் தலைப்பாகவே வைத்து 1971இல் வில்லியம் ரயன் எழுதியது இந்த அறிக்கைக்கு மறுப்பாகத்தான். டு பாய்ஸின் இரு கடமைகளில் ஒன்று உதிர்ந்து, மற்றது மட்டும் அரசின் குரலில் திரும்பி வந்ததை அந்தக் கோபம் சரியாகவே அடையாளம் கண்டது.

பேசுபவர் கறுப்பினத்தவராக இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா? 2004 மே மாதம், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் ஐம்பதாம் ஆண்டு விழா வாஷிங்டனில் நடந்தது. அதில் நடிகர் பில் காஸ்பி ஏழைப் பெற்றோரையும் பிள்ளைகளையும் கடுமையாகச் சாடினார். ஒரு துண்டு கேக்கைத் திருடி ஓடுபவன் சுடப்பட்டால் எல்லாரும் பொங்குகிறார்கள், அவன் ஏன் அதைக் கையில் வைத்திருந்தான் என்று கேட்பதில்லை என்பது அவர் பேச்சின் சாரம். அரங்கில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. 2008 ஜூன் 15, தந்தையர் தினத்தன்று, சிகாகோவின் அப்போஸ்தலிக் சர்ச் ஆஃப் காட் தேவாலயத்தில் பராக் ஒபாமா பொறுப்பைக் கைவிட்ட தகப்பன்மாரைக் கண்டித்தார். காஸ்பியைவிட அவர் நிதானமானவர். தம் தந்தை இல்லாமல் வளர்ந்தவர். அரசின் கடமையையும் சேர்த்தே சொன்னவர். அப்படியிருந்தும், அவர் கறுப்பினத்தவரைத் தாழ்த்திப் பேசுகிறார் என்று மூத்த குடியுரிமைப் போராளி ஜெஸ்ஸி ஜாக்சன் முனகியது ஒலிவாங்கியில் சிக்கிச் செய்தியானது. ஜாக்சன் பேசிய விதம் அநாகரிகமானது. ஆனால் உறுத்தலுக்குக் காரணம் இருந்தது. அதிபர் தேர்தல் வேட்பாளர் தேவாலயத்தில் பேசினாலும், கேட்பது நாடு முழுவதும்தான். கறுப்பினத் தகப்பன் பொறுப்பற்றவன் என்று ஏற்கெனவே நம்பும் நாடு அது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013இல் வெளியிட்ட ஆய்வோ வேறொன்றைக் காட்டியது. சிறு குழந்தைகளுடன் ஒரே வீட்டில் வாழும் கறுப்பினத் தந்தையரில் 70 விழுக்காட்டினர் நாள்தோறும் குழந்தையைக் குளிப்பாட்டி, உடுத்தி, கழிப்பறை வேலையும் பார்த்தனர். வெள்ளையினத் தந்தையரில் இது 60 விழுக்காடு. பிள்ளைகளை விட்டு வேறு வீட்டில் வாழ்பவர்களின் சிக்கலை இந்த எண் இல்லாமலாக்காது. ஆனால் ஓர் இனத்தின் தந்தைமையையே குற்றக் கூண்டில் ஏற்றும் பேச்சுக்கு ஆதாரம் எவ்வளவு மெலிது என்பதை இது காட்டுகிறது.

அப்படியானால் கடமையைப் பற்றி வாயே திறக்கக் கூடாதா? இங்கேதான் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மனின் சமயச் சிந்தனை கைகொடுக்கிறது. 1935இல் கறுப்பினக் கிறிஸ்தவக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி இலங்கை, இந்தியா, பர்மா நாடுகளில் பயணம் செய்தார் அவர். கொழும்புச் சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும், அந்தக் கல்லூரியைச் சார்ந்த ஒருவர் நேருக்கு நேர் கேட்டார்: உம் முன்னோரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், இன்றும் உம்மை ஒதுக்குபவர்கள் கிறிஸ்தவர்கள், அந்தச் சமயத்தின் சார்பில் நீர் இங்கே வந்திருப்பது துரோகம் இல்லையா? அந்தக் கேள்விக்கு நிதானமாக அளித்த பதிலாகவே 1949இல் ‘ஜீசஸ் அண்டு தி டிஸ்இன்ஹெரிட்டட்’ வந்தது. இயேசு ரோமப் பேரரசின் காலடியில் நசுங்கிய இனத்தில் பிறந்த ஏழை. சுவரோடு சுவராக நெருக்கப்பட்டவனுக்கு அவர் சொன்னது என்ன என்பதே நூலின் விசாரணை. அச்சம், வஞ்சகம், வெறுப்பு ஆகிய மூன்றும் ஒடுக்கப்பட்டவன் உயிர் பிழைக்கக் கைக்கொள்ளும் கருவிகள் என்று தர்மன் ஒப்புக்கொள்கிறார். அவை ஏன் பிறக்கின்றன என்பதைப் பரிவோடு விளக்குகிறார். ஆனாலும் விட்டுவிடு என்கிறார். எஜமான் மெச்சுவான் என்பதற்காக அல்ல. அவை பிடித்திருப்பவனின் உள்ளத்தையே அரித்துவிடும் என்பதற்காக. இந்தக் கடமைக்கு முன்னால் அவர் வேறொன்றை வைக்கிறார். அவரை வளர்த்த பாட்டி அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்று எஜமானின் போதகர் பவுலின் நிருபங்களிலிருந்து ஓதியதால், அந்த நிருபங்களைப் பெரும்பாலும் வாசிக்கவே விடமாட்டார். அடிமைகளிலிருந்தே வந்த போதகரோ, நீங்கள் அடிமைகள் அல்ல, கடவுளின் பிள்ளைகள் என்று சொல்வார். அதைப் பாட்டி பேரனுக்குச் சொன்னார். எஜமானின் போதகர் கடமையில் தொடங்கினார். அடிமைப் போதகர் மதிப்பில் தொடங்கினார். மதிப்பு முன்னால் நின்றால்தான் கடமை மனிதனை நிமிர்த்தும்.

தர்மன் சமய மொழியில் சொன்னதை மெய்யியலாளர் டாமி ஷெல்பி 2016இல் ‘டார்க் கெட்டோஸ்’ நூலில் வேறு வழியாக அடைகிறார். குடிமகன் என்ற முறையில் சட்டத்துக்குப் பட்ட கடமை கொடுக்கல் வாங்கலைச் சார்ந்தது: சமூகம் நியாயமான பங்கைத் தந்தால்தான் அதன் விதிகளை மதிக்கும் கடமையும் முழுமையாகும். பங்கே தராத சமூகம் முழுப் பணிவையும் கேட்க முடியாது. ஆனால் மனிதன் என்ற முறையில் மற்றவருக்குப் பட்ட கடமைகள், அதாவது துன்புறுத்தாமை, இயன்ற உதவி, நீதிக்குத் துணை நிற்றல் ஆகியவை, எந்தக் கொடுக்கல் வாங்கலையும் சார்ந்தவை அல்ல. அவை எந்த நிலையிலும் நீங்குவதில்லை. தெருமுனையில் போதைப்பொருள் விற்கும் பையன் தன்னை ஏமாற்றிய அரசுக்கு எவ்வளவு கடன்பட்டவன் என்பது விவாதத்துக்குரியது. எதிர்வீட்டுப் பாட்டியின் அச்சமற்ற மாலைப் பொழுதுக்கு அவன் கடன்பட்டவன் என்பதில் விவாதமில்லை.

உண்மை யார் சொன்னாலும் உண்மைதானே, யார் எங்கே சொன்னார் என்பதில் என்ன இருக்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். கணக்குக்கு அது பொருந்தும், அறிவுரைக்குப் பொருந்தாது. அறிவுரை கேட்பவரின் மனத்தோடு நிற்பதில்லை, சட்டமாகவும் உருவெடுக்கும். 1975இல் வாஷிங்டன் நகர மன்றத்தில் கஞ்சா வைத்திருப்பதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கக் கூடாது என்று ஒரு மசோதா வந்தபோது அதை முனைந்து எதிர்த்தவர் டக்ளஸ் மூர். 1957இல் டர்ஹம் நகரின் ஐஸ்கிரீம் கடையில் நிறப் பிரிவினையை எதிர்த்து உட்கார்ந்து கைதான மெத்தடிஸ்ட் போதகர். மற்றக் கறுப்பினப் போதகர்களும் அவருடன் நின்றார்கள். ஹெராயின் தங்கள் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருந்ததைக் கண்டவர்கள் அவர்கள், அக்கறையில் குறையில்லை. அந்தத் தலைமுறையின் தலைவர்கள் பலரும் காவலைக் கேட்டதோடு நில்லாமல் வேலை, பள்ளி, வீடு, சிகிச்சை எல்லாவற்றையும் கேட்டார்கள் என்பதையும், கிடைத்தது காவலும் சிறையும் மட்டுமே என்பதையும் ஜேம்ஸ் ஃபோர்மன் ஜூனியர் ‘லாக்கிங் அப் அவர் ஓன்’ நூலில் காட்டுகிறார். 1986இன் கூட்டாட்சிச் சட்டம் 5 கிராம் கிராக் கோகெய்னுக்கும் 500 கிராம் பொடிக் கோகெய்னுக்கும் ஒரே ஐந்தாண்டு குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. கறுப்பினப் பகுதிகளில் விற்றது கிராக். அந்த நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம் 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைந்தது. வீட்டுக்குள் கண்டிப்பாகப் பேசியது, வெளியே தண்டிக்கும் அனுமதியாகக் கேட்கப்பட்டது. ஆகவே பேசுபவர் தம் சொல் எந்தக் காதில் எப்படி விழும் என்பதற்கும் பொறுப்பாளிதான்.

அந்தப் பொறுப்பை ஏற்றுப் பேசவும் முடியும் என்பதற்கு பாஸ்டன் சான்று. 1992 மே மாதம் மார்னிங் ஸ்டார் பேப்டிஸ்ட் தேவாலயத்தில், ஓர் இளைஞனின் இறுதிச் சடங்கு நடக்கும்போதே கும்பல் ஒன்று புகுந்து இன்னொருவனைக் கத்தியால் குத்தியது. யூஜின் ரிவர்ஸ், ரே ஹேமண்ட், ஜெஃப்ரி பிரவுன் முதலான போதகர்கள் டென்பாயின்ட் கூட்டமைப்பைத் தொடங்கி, இரவில் தெருக்களில் நடந்து அந்த இளைஞர்களிடமே பேசப் போனார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நகரில் இளைஞர் கொலைகள் பெரிதும் குறைந்தன. அதில் போதகர்களின் பங்கு எவ்வளவு, காவல்துறைத் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு முக்கியம் வேறு. சமூகவியலாளர் கிறிஸ்டோஃபர் வின்ஷிப்பும் ஜென்னி பெரியனும் கண்டபடி, கொலைக்குத் துணிந்த சிலரைக் காவலர் பிடிப்பதைப் போதகர்கள் ஆதரித்தார்கள். கண்ணில் பட்ட இளைஞரையெல்லாம் சோதனையிட்டால் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். இரு பக்கமும் ஒரே வாய் கண்டித்ததால் இரு பக்கமும் நம்பின. டு பாய்ஸின் இரு கடமைகளும் தெருவில் மீண்டும் சேர்ந்தது இங்கேதான்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும். பாதிக்கப்பட்டவருக்குக் கடமை உண்டு என்று ஒப்புக்கொண்டாலே நீதிக்கான கோரிக்கை மழுங்கிவிடும் என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1963 மே 2 அன்று பர்மிங்ஹாமின் பதினாறாவது தெரு பேப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் நிறப் பிரிவினையை எதிர்த்து அணி அணியாகப் புறப்பட்டார்கள், நூற்றுக்கணக்கில் கைதானார்கள், மறுநாள் அவர்கள்மீது நாய்களும் தீயணைப்புக் குழாய்களும் ஏவப்பட்டன. பிள்ளைகளைக் களத்தில் இறக்கியதை மால்கம் எக்ஸ் கண்டித்தார். அந்தக் கண்டனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வாரத்தில் நகரத்தின் பிடி தளர்ந்ததற்குக் காரணம், கடமை தங்களுடையது என்று பிள்ளைகள் நினைத்ததுதான். உனக்குக் கடமையே இல்லை என்பது கருணைபோலத் தோன்றும். உன்னால் எதுவும் ஆகாது என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு கறுப்பினப் பெண் இறையியலாளர்களிடமிருந்து வருகிறது. டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் ‘சிஸ்டர்ஸ் இன் தி வில்டர்னஸ்’ நூலில் விவிலியத்தின் ஆகார் கதையை எடுத்துக்கொண்டார். சாராளின் அடிமையான அவள் பிறருக்காகப் பிள்ளை சுமந்தாள், வனாந்தரத்துக்கு ஓடினாள், திரும்பிப் போ என்று தேவதூதனால் அனுப்பப்பட்டாள். கறுப்பினப் பெண்கள் பிறர் பிள்ளைக்குப் பாலூட்டியும் பிறர் வயலில் உழைத்தும் பிறர் இடத்தில் நின்று சுமந்தவர்கள். அந்தச் சுமத்தலைச் சிலுவையின் பெயரால் புனிதமாக்கக் கூடாது என்பது அவர் வாதம். இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. இதை ஒரு வரம்பாக ஏற்கிறேன். சமூகத்தின் கடமை என்று கூட்டத்தில் முடிவானது மறுநாளே பாட்டிகளின் கடமையாக மாறிவிடுகிறது. பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர், சிறைக்குப் போய்ப் பார்ப்பவர், பள்ளிக் கூட்டத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் ஒரே பெண். ஆகவே கடமையைச் சொல்லும்போதே பங்கையும் சொல்ல வேண்டும்: ஆண்களுக்கு எவ்வளவு, கட்டடமும் காணிக்கையும் உள்ள திருச்சபைக்கு எவ்வளவு, நகராட்சிக்கு எவ்வளவு. இருப்பவரிடம் கூடுதலாகக் கேட்காத பேச்சு, ஏற்கெனவே சுமப்பவர் தலையில் இன்னொரு மூட்டையைத்தான் ஏற்றும்.

2013இல் மூன்று பெண்கள் தொடங்கிய ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ இயக்கம் தேவாலயத்துக்கு வெளியே பிறந்தது. இளந்தலைமுறையில் பலர் போதகரின் சொல்லுக்குப் பழைய எடையைத் தருவதில்லை. இதை விசுவாசக் குறைவு என்று மட்டும் எண்ணினால் பாதியைத் தவறவிடுவோம். தங்கள் நடத்தையைத் திருத்தும் ஆர்வம் தங்கள் உயிரைக் காக்கும் ஆர்வத்தைவிட அதிகமாகத் தெரிந்த இடங்களிலிருந்தும் அவர்கள் விலகியிருக்கிறார்கள். அவர்களோடு மறுபடி பேச விரும்பும் எந்த அவைக்கும், அது தேவாலயமானாலும் கட்சியானாலும், முதல் சோதனை இதுவே: இளைஞனிடம் கேட்டதற்கு இணையாக மாநகர மன்றத்திடமும் காவல் ஆணையரிடமும் தன்னிடமும் அது என்ன கேட்டது? அந்தக் கணக்கைக் காட்ட முடிந்தவர் கடமையைப் பற்றித் தயங்காமல் பேசலாம். காட்ட முடியாதவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அதைச் சொல்லும் உரிமையை அவர் இன்னும் ஈட்டவில்லை.