விளையாட்டுக்கு ஒரு கூரை

சமவெளியில் வாழ்கிறவர்களுக்குப் பொதுவிடம் என்பது பெரும்பாலும் இயற்கை அளித்த பிரசாதம். ஆலமரத்து நிழலும் ஆற்று மணலும் மாலைக் காற்று வீசும் குளக்கரையும் இருக்க, நாலு பேர் கூடிப் பேசவும் பிள்ளைகள் கூடி ஆடவும் தனியே ஒரு மண்டபம் எழுப்ப வேண்டிய அவசியம் அங்கே குறைவு. ஆனால் ஏழாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் உதகமண்டலத்தில், ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குக் காற்றும் சாரலும் ஓயாமல் அடிக்க, மார்கழி தை இரவுகளில் உறைபனி புல்வெளியை வெளுக்க, பொழுது சாய்ந்ததும் மனிதன் தன் வீட்டு அடுப்பை நாடி ஒதுங்குவது சகஜமாகிறது. நாளடைவில் அந்த ஒதுக்கமே மலைவாசியின் சுபாவம் என்று பிறர் சொல்ல, அவனும் நம்பத் தொடங்குகிறான். குளிர்ந்த தேசத்தில் பொதுவிடம் தானாக அமைவதில்லை. யாரேனும் சங்கற்பித்துக் கட்ட வேண்டும். கட்டினால் கதவு வரும். கதவு வந்தால் அது எவருக்குத் திறக்கும் என்ற தர்ம விசாரமும் கூடவே வரும். மலையில் விளையாட்டுக் கூடம் அமைப்பதைப் பொறியாளர் கையில் மட்டும் விட்டுவிட எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுவே.

நீலகிரியில் இந்த விசாரம் பழையது. 1875இல் ஜபல்பூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு 1882இல் உதகை கிளப்பில்தான் விதிகள் வகுக்கப்பெற்றன. உலகமெங்கும் ஆடப்பெறும் ஓர் ஆட்டம் குளிருக்கு அஞ்சிக் கூரையடியில் கூடிய கூட்டத்தினிடையே ஒழுங்கு பெற்றது என்பது இவ்வூருக்குப் பெருமைதான். எனினும் அந்தக் கூரையின் கீழே ஆடுவோராக இந்நாட்டு எளியவர் நுழைய அன்று வழியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளிரைத் தடுப்பதற்காக எழுந்த சுவர் மனிதரையும் தடுத்தது.

இவ்வூருக்குத் துரைமார் வருமுன்னரே மலையில் ஆட்டம் இருந்தது. தோடர் இளைஞர் உருண்டைக் கல்லைத் தோளுக்கு உயர்த்தும் வழக்கத்தை, 1906இல் வெளியான தம் நூலில் ரிவர்ஸ் என்னும் ஆய்வாளர் குறித்திருக்கிறார். தலைக்குந்தாவை அடுத்த முத்தநாடு மந்து என்னும் தோடர் குடியிருப்பில் பண்டிகை நாளில் அந்தக் கல் இன்றும் தூக்கப்படுகிறது. வழிபாடும் வலிமையும் அங்கே ஒரே புல்வெளியில் நிகழ்கின்றன. படுகரின் ஹட்டி எனப்படும் ஊர்களில் வீட்டு வரிசைக்கு முன்னே விரியும் முற்றம் எல்லா வீட்டுக்கும் பொது. ஆயினும் ஒரு குறை என் மனத்தை உறுத்துகிறது: தோடர் பாலும் நெய்யும், கோத்தர் மட்கலமும் இரும்புக் கருவியும், படுகர் தானியமும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர், ஆனால் பண்டம் மாறியதுபோல ஆட்டம் மாறவில்லை. பண்டமாற்றில் அவரவர் நிலை அவரவரோடு நிற்கிறது. ஆட்டத்தில் அது நிற்பதில்லை.

இங்கேதான் தத்துவம் நுழைகிறது. ஈசுவரன் எக்குறையும் இல்லாதவனாயின் உலகை ஏன் படைத்தான் என்ற வினாவுக்குப் பிரம்மசூத்திரம் சொல்லும் சமாதானம், அது அவனுக்கு லீலை என்பதே. மதுரையிலோ அவன் கூலியாளாக வந்து, வந்திக் கிழவியின் பிட்டை வாங்கித் தின்றுவிட்டு, உடைந்த ஆற்றங்கரையை அடைக்காமல் ஆடித் திரிந்தான். பாண்டியன் ஓங்கிய பிரம்படி அரசன் முதுகு உட்பட எல்லா உயிரின் முதுகிலும் பட்டது. வேலையில் நின்றவரையில் அவன் கூலியாள், மன்னன் மன்னன். ஆடித் திரிந்து அடி வாங்கிய கணத்திலேதான் பேதம் அழிந்தது. ஆட்டம் போட்டியைத் தூண்டிப் பகை வளர்க்குமே என்று ஆட்சேபிப்பார் உண்டு; ஊருக்கு ஊர் நடந்த கபடிச் சண்டைகளைக் கண்டவர்கள் அப்படிச் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனாலும் எதிராளி இல்லாமல் ஆட்டமே இல்லை; அவன் நாளையும் வரவேண்டும் என்று விரும்பாமல் எவனும் இன்று பந்தை அடிப்பதில்லை. அத்வைதத்தை நூலில் கற்றவர் பலர். எதிரே நிற்பவன் நமக்கு இன்றியமையாதவன் என்று உடம்பால் கற்கும் இடம் ஆடுகளம்.

அந்தக் களத்தை மலையில் எங்கே வைப்பது? சமனான நிலம் அபூர்வமாகையால் அதிகாரிகளின் கண் பள்ளத்தாக்கின் அடியையே நாடும். அது இருவகையில் பிழை. கனத்த குளிர்காற்று இரவில் சரிந்து பள்ளத்தில்தான் தங்கும், உறைபனியும் முதலில் அங்கேதான் படியும். அந்தப் பள்ளமே பெரும்பாலும் சதுப்பாகவும் இருக்கும், அதை மண்கொட்டி மூடினால் ஊற்று வற்றும். மேட்டை வெட்டிச் சமன் செய்தால் என்னாகும் என்பதை 2009 நவம்பர் மண்சரிவுகளில் உயிர்களைப் பறிகொடுத்து இம்மாவட்டம் அறிந்தது. ஆகவே நடுச்சரிவில், படிப்படியாக இறங்கும் சிறிய கூடங்களே தகும். ஜன்னல்கள் தெற்கிலும் கிழக்கிலும் குளிர்கால வெயிலை வாங்க, மேற்குச் சுவர் ஆடிக் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். ஷட்டில் ஆடும் இடத்தை ஒட்டியே முதியவர் அமர வெயில் படும் தாழ்வாரமும், ஒரு டீக்கடையும் அவசியம். ஆடாதவர் வந்து உட்காராத கூடம் ஊர்க்கூடம் ஆகாது. இதற்கு ஐஸ்லாந்து ஒரு சான்று: அங்கே சிற்றூர்களிலும் வெந்நீர்க் குளம் இருக்கிறது. நீந்துவோரைவிட, நீரில் அமர்ந்து ஊர் நியாயம் பேசுவோரால் அது நிறைகிறது என்பர்.

எல்லாவற்றிலும் கடினமானது நேரம். காலையிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, மாலையில் அதன் நிறுவை முடித்து, தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடு திரும்பி அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு எந்த வேளையில் அந்தக் கதவு திறக்கும்? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தன் 17ஆம் பிரிவில் மழைக்கும் குளிருக்கும் குடையும் கம்பளியும் பேசிற்று. 13ஆம் பிரிவில் பொழுதுபோக்கு வசதியையும் பேசிற்று. கம்பளி ஒருவரைப் போர்த்தும். கூடம் ஊரைப் போர்த்தும். ஆயினும் முன்னதையே உரிமையாகவும் பின்னதை உபகாரமாகவும் எண்ணப் பழகிவிட்டோம்; இந்த எண்ணம் தவறு.

குன்னூர்ப் பக்கமோ கோத்தகிரிப் பக்கமோ உள்ள உங்கள் கிராமத்தில் அடுத்த கிராம சபை கூடும்போது விளையாட்டுக் கூடத்தின் வரைபடம் வந்தால், செலவுக் கணக்கைக் கேட்குமுன் அது எந்தச் சரிவில் நிற்கும், லைன் வீடுகளிலிருந்து நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும், நிறுவை முடிந்த பெண்களுக்கு எந்த நாழிகை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் எழுந்து நின்று கேளுங்கள்; பதில் எழுத்தில் வரும் வரையில் உட்காராதீர்கள்.