கேட்கிற உடல்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் எகிப்திய ஆடற்கலைஞர் தஹியா கரியோக்கா ஆடுவதை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது என் பயிற்சியில் ஒரு பகுதி. பாட்டு காதில் விழாமலே, அது எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே வயலின்கள் ஒதுங்கித் தாளம் முன்னுக்கு வருகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. இரண்டடி நகர்ந்தால் அதிகம். தோள்கள் அமைதியாக இருக்கும். இடுப்பு ஒன்றைச் சொல்லும், நிறுத்தும், அடுத்ததைச் சொல்லும். இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத் பள்ளிச் சிறுவனாக 1950இல் கெய்ரோவில், நைல் கரையின் திறந்தவெளி அரங்கு ஒன்றில் வெகுதூரத்தில் உட்கார்ந்து இவருடைய ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதிய கட்டுரையில் அவர் வியந்து சொல்வது அந்தச் சிக்கனத்தைத்தான். இவ்வளவு குறைவான அசைவு அவ்வளவு தூரம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? மேடைப் பயிற்சி என்று நான் செய்துகொண்டிருப்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

*

பெல்லி டான்ஸ் என்று உலகம் சொல்வதை எகிப்தியர் ரக்ஸ் ஷர்க்கி என்கிறார்கள். அதன் வேர் மேடையில் இல்லை. கல்யாண வீட்டுக் கூடத்தில், உறவுக்காரப் பெண்கள் சூழ்ந்து உட்கார்ந்து கைதட்ட, கையெட்டும் தூரத்தில் ஆடப்பட்டது அது. அங்கே ஆடுகிறவளுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. 1926இல் பதியா மஸப்னி கெய்ரோவில் தன் அரங்கைத் திறந்தபோது நிலைமை மாறியது. அகலமான மேடை, ஒரே திசையில் பார்வையாளர்கள், பெரிய இசைக்குழு. தாழ்ந்திருந்த கைகள் தலைக்குமேல் எழுந்தன. மேடையைக் குறுக்கே கடக்கும் நடைகளும் சுழற்சிகளும் வந்தன. பாலேயிலிருந்தும் லத்தீன் அமெரிக்க நடனங்களிலிருந்தும் எதையெதையோ எடுத்துக்கொண்டார்கள். தஹியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘கரியோக்கா’வும் ஒரு பிரேசில் ஆட்டத்தின் பெயர்தான். அவரும் சாமியா கமாலும் பதியாவின் அரங்கில் வளர்ந்தவர்கள்.

கூடத்திலிருந்து மேடைக்கு வந்த அந்தத் தூரத்தை ஒவ்வோர் ஆடற்பெண்ணும் தன் உடம்பில் மறுபடி ஒருமுறை கடக்க வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் கண்ணாடி முன்னால் அழகாக வருகிற அசைவு அரங்கின் பின்வரிசைக்குத் தெரியாமலே போகலாம். இடுப்பால் எட்டு போடுவதை எடுத்துக்கொள்கிறேன். மேலும் கீழுமாக வரைகிற எட்டு, முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும். தரைக்கு இணையாக, முன்னும் பின்னுமாக வரைகிற எட்டு அவருக்கு வெறும் பக்கவாட்டு ஆட்டமாகச் சுருங்கிவிடும், ஆழம் காணாமல் போய்விடும். அதற்கு உடலைச் சாய்கோணத்தில் திருப்பி நிற்க வேண்டும். மார்பிலிருந்து வயிறு வழியாக இறங்கும் அலையோ முழுக்கப் பக்கவாட்டில் நின்றால்தான் அலையாகத் தெரியும். எந்த அசைவுக்கு எந்தத் திசை என்ற கணக்கு உடம்புக்குப் பழக நாளாகும். பழகிய பிறகு, முகம் பார்வையாளரிடம் இருக்க இடுப்பு வேறு கோணத்தில் பேசும் அந்தத் திருகலே இந்த ஆட்டத்தின் எழில் என்று தோன்றுகிறது.

*

எகிப்தியர் தப்லா என்று சொல்வது நம் கச்சேரித் தபலா இல்லை. கோப்பை வடிவத்தில் ஒரே முகமுள்ள தாளக்கருவி, தொடைமேல் கிடத்தி வாசிப்பது. தோலின் நடுவில் விழும் அடி ‘தும்’. விளிம்பில் விரல் பட்டால் ‘தெக்’. மக்ஸூம் என்ற தாளத்தில் எட்டு இடங்கள்: தும், தெக், வெற்றிடம், தெக், தும், வெற்றிடம், தெக், வெற்றிடம். இரண்டாம் இடத்திலும் தும் விழுந்தால் அது பலதி. நடுவில் இரண்டு தும் சேர்ந்து வந்தால் ஸயீதி, மேல் எகிப்தின் தாளம், கைத்தடி ஆட்டத்தின் தாளம். ஓர் அடி இடம் மாறியதும் உடலின் எடையும் மனநிலையும் மாறிவிடுகின்றன. பலதியில் இடுப்பு தரையை நம்பி இறங்கும். ஸயீதியில் நெஞ்சு நிமிர்ந்து கால் துள்ளும்.

நான் செய்கிற பயிற்சி எளிமையானது. ஒரே பாட்டை மூன்று முறை ஆடுவேன். முதல் முறை தும் விழும் இடத்தில் மட்டும் அசைவு. இரண்டாம் முறை தெக்குக்கு மட்டும். மூன்றாம் முறை இரண்டையும் விட்டுவிட்டு வெற்றிடங்களில் மட்டும். மூன்றாவதுதான் கடினம், மேடைக்கு அதிகம் உதவுவதும் அதுதான். வெற்றிடத்தில் நிற்கத் தெரிந்தவளுக்கு அடுத்த அடி விழும்போது பார்க்கிறவர்களின் கவனம் முழுதும் கையில் இருக்கும். எல்லா அடிக்கும் அசைந்துகொண்டே இருந்தால் எதுவும் பதியாது.

நடன அமைப்பை அசைவு அசைவாக மனப்பாடம் செய்து மேடையேறும் வழக்கம் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. தொடக்கத்தில் அது ஒரு கைப்பிடி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கெய்ரோ மேடைகளின் மரபு நேரடி இசைக்குழுவோடு ஆடுவது. வயலின்காரர் ஒரு சொற்றொடரை இன்னொரு முறை வாசித்தால் ஆடுகிறவளும் இன்னொரு முறை சொல்ல வேண்டும். மனப்பாடம் அங்கே கைவிட்டுவிடும். கேட்கும் பழக்கம் மட்டும் கைகொடுக்கும். அதனால் முதல் நாளிலிருந்தே, தெரிந்த நாலு அசைவுகளை மட்டும் வைத்துக்கொண்டாவது, தானாக ஆடிப் பழக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

*

ஷிம்மி: முழங்கால்கள் மாறிமாறி மடங்கி நிமிர, இடுப்பு தானாக அதிரும். தொடையும் பிட்டமும் இறுகினால் அதிர்வு செத்துவிடும். மேடை பயத்தில் முதலில் இறுகுவது அவைதான், கூடவே மூச்சும் நின்றுவிடும். இதற்கு என் பயிற்சி: ஷிம்மி போட்டபடியே வாய்விட்டுப் பேசுவது, கதவு வரை போய்த் திரும்புவது, தண்ணீர்க் குவளையை எடுத்து வைப்பது. பேச்சு தடுமாறாத நாளில் மூச்சு தன் வேலையைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

*

தக்ஸீம் வருகிறது. தாளம் நின்றுவிட்டது. ஒரே ஒரு வாத்தியம் தன் மனம்போல் வாசிக்கிறது. எண்ணிப் பிடிக்க அடிகளே இல்லை.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உடலில் ஒரு வீடு உண்டு என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். கானூனின் தந்திகள் நடுங்கும்போது இடுப்பில் மெல்லிய அதிர்வு. நாணற்குழல் ஊதும்போது கைகளும் நெஞ்சும். ஊத் வாசிக்கும்போது அடிவயிற்றை ஒட்டிய நிதானமான வட்டங்கள். இதைச் சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை, ஆனால் நின்று தொடங்க ஓர் இடம் கிடைக்கிறது. பலதி தொகுப்பில் அக்கார்டியன் தனியாகத் தொடங்கி நீளமாக ஏங்கும், பிறகு தப்லா கேள்வி கேட்க அக்கார்டியன் பதில் சொல்லும், அப்புறம்தான் தாளம் முழுதாக வந்து அமரும். தனிமை, உரையாடல், கொண்டாட்டம். அந்த முதல் பகுதியில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அவசரப்பட்டு அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் கொண்டாட்டம் வரும்போது சொல்ல ஏதும் மிச்சமிருக்காது.

அரபு இசை கேட்கிறவர்களுக்குத் தரப் என்ற அனுபவம் தெரியும். பாடுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து ஒன்றில் கரைவது அது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் உம்மு குல்தூம் பாடிய கச்சேரிகளில், கூட்டம் கேட்கக் கேட்க ஒரே வரியை அவர் திரும்பத் திரும்ப வெவ்வேறு வண்ணத்தில் பாடுவார். அந்தப் பாடல்களுக்கு ஆடத் துணிந்தவர் சுஹைர் ஸகி. அப்துல் வஹாப் இசையமைத்து 1964இல் வந்த ‘எந்த ஓம்ரி’க்கு அவர் ஆடியதைப் பார்க்கிறேன். வித்தை எதுவும் காட்டுவதில்லை. பாட்டு போகும் வழியில் ஓர் அடிகூட முந்தாமல் கூடவே போகிறார். முகத்தில் வருவது மேடைக்காகப் பொருத்தி வைத்த சிரிப்பு இல்லை, பாட்டு பிடித்துப்போன ஒருத்தியின் சிரிப்பு.

மொழி தெரியாத பாட்டுக்கு ஆடும்போது இங்கே ஒரு கடமை இருக்கிறது. சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்டு எழுதிக்கொள்ளாமல் அந்தப் பாட்டை மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது. இழப்பைப் பற்றிய வரியில் கண் சிமிட்டிச் சிரிக்கிற ஆடற்பெண்ணை அரபு தெரிந்த பார்வையாளர் ஒருவர் மன்னிக்கலாம். நான் மன்னிக்க மாட்டேன்.

*

சாகாத். ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்குமாக இரண்டு சிறு வெண்கலத் தாளங்கள். ஆடிக்கொண்டே வாசிப்பது பிறகு. முதலில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். வலது, இடது, வலது என்று மூன்றடியாகக் கைகள் ஓட, கால்கள் வேறு கணக்கில் போகப் பழக வேண்டும். அக்கம்பக்கத்தார் பொறுமைசாலிகளாக இருப்பது நல்லது.

*

பார்வை. உணவு மேசைகளுக்கு நடுவில் ஆடுவதும் அரங்க மேடையில் ஆடுவதும் இரண்டு தனித் திறமைகள். மேசைகளுக்கு இடையில் போகும்போது முதலில் பெண்களையும் குழந்தைகளையும் பார்த்துச் சிரிப்பது அனுபவசாலிகள் கைமாற்றித் தருகிற வழக்கம். அந்தக் குடும்பம் தளர்ந்து உட்காரும், யாரோ கைதட்டத் தொடங்குவார்கள். பெரிய அரங்கிலோ முகங்கள் தெரியாது, விளக்கு கண்ணில் அடிக்கும். அப்போது இருட்டின் மூன்று தூரங்களைக் குறித்துக்கொண்டு, ஓர் இசைத்தொடர் முழுதும் ஒரே இடத்தில் பார்வையைத் தங்க விடுவேன். தொடர் முடிந்த பிறகே கண் நகரும். கண்ணும் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சில இடங்களில் பார்வையை உள்ளே திருப்பிக்கொள்ளலாம், தன் இடுப்பையே குனிந்து பார்க்கலாம். நீங்களும் அங்கே பாருங்கள் என்று அதற்குப் பொருள். தஹியா இதை அளவாகச் செய்வார்.

*

எதற்காக இவ்வளவு கவனம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வயிறு தெரிய ஆடுவதற்கு இத்தனை படிப்பா என்பார்கள். அந்த ஏளனத்துக்கு வயது அதிகம். 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா பொது இடங்களில் ஆடும் பெண்களைக் கெய்ரோவிலிருந்தே வெளியேற்றினார். மேல் எகிப்தின் எஸ்னா, கெனா, அஸ்வான் ஊர்களுக்கு அவர்கள் போக வேண்டியிருந்தது. கெய்ரோவில் பெரிய தீ எழுந்த 1952 ஜனவரி 26 அன்று கலவரக் கூட்டம் முதலில் கொளுத்திய இடங்களில் ஒன்று ஓபரா சதுக்கத்தில் பதியா தொடங்கி நடத்திய கேளிக்கை அரங்கு. கல்யாணத்துக்கு ஆடுகிறவள் வேண்டும், பேசும்போது மட்டும் அவள் இழிந்தவள்: இந்த இரட்டை மனம் அங்கே இன்றும் தீர்ந்துவிடவில்லை. மஹ்மூத் ரிதா 1959இல் தொடங்கிய குழு நாட்டுப்புற ஆட்டங்களை அரங்க நடனமாக்கிக் குடும்பங்களின் மதிப்பைப் பெற்றது. தனியாக ஆடும் ஷர்க்கிப் பெண்ணுக்கு அந்த மதிப்பு அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை.

மேடையில் ஏறும் ஒருத்திக்கு இந்த வரலாறு நிமிர்வில் தெரிய வேண்டும். முதுகெலும்பு நீண்டு, கழுத்து விடுபட்டு, நடையில் அவசரமில்லாமல் நுழைகிறவளிடம் கூட்டம் ஒருவிதமாக நடந்துகொள்கிறது. கூசி நுழைகிறவளிடம் வேறுவிதமாக. சாமியா கமால் மெல்லிய துணியைப் பின்னால் விரித்துப் பிடித்தபடி மேடைக்குள் வரும்போது, ஆட்டம் தொடங்குமுன்பே மேடை அவருடையதாகிவிடுகிறது. எகிப்திய வழக்கத்தில் அந்தத் துணியின் வேலை நுழைவோடு ஏறக்குறைய முடிந்துவிடும். ஒரு சுற்று வந்ததும் அதைப் போட்டுவிடுவார்கள்.

*

நுழைவை மட்டும் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். இசைக்குழு முதலில் தான் மட்டும் வாசிக்கும். ஆடுகிறவள் திரைக்குப் பின்னால் காத்திருப்பாள். அந்த நேரத்தில் அசைவுகளை நினைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மூச்சை முழுதாக வெளியே விட்டு, தப்லா எங்கிருந்து கேட்கிறது என்று மட்டும் கவனிக்கிறேன். பிறகு மல்ஃபூஃப் தாளத்தில் நடை. மேடையின் இரு ஓரங்களையும் பின்பகுதியையும் தொட்டு ஒரு சுற்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வணக்கப் பார்வை. நடுவுக்கு வந்து நிற்பது. முதல் பெரிய அசைவு அதற்குப் பிறகுதான்.

உடையோடு ஒத்திகை கட்டாயம். மணி கோத்த இடுப்புப் பட்டைக்குக் கனம் உண்டு. அதைக் கட்டியதும் இடுப்பு தாமதமாகப் பதில் சொல்லும், பழகிய வேகம் பொய்த்துப்போகும். கொக்கிகளின் மேல் ஊக்கு குத்தித் தைத்துக்கொள்வது, சுழலும்போது பாவாடை எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பது, ஆடப்போகும் தரையில் வெறுங்காலில் ஒருமுறை நடப்பது, உதிர்ந்த மணிகளைப் பெருக்கச் சொல்வது. இவையும் கலையைச் சேர்ந்தவையே.

*

இந்த வாரம் தப்லா தனி. ஆடுகிறவளும் வாசிக்கிறவரும் நேருக்கு நேர் நிற்கிற பகுதி. தும்முக்கு இறக்கம், தெக்குக்கு ஏற்றம், விரல்கள் உருளும்போது ஷிம்மி. இதுவரை பதிவு செய்த இசைக்குத்தான் ஆடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசிப்பாளர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைத் துணி போட்டு மூட வேண்டும். அவர் என்ன வாசிக்கப்போகிறார் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் எனக் கேட்டிருக்கிறேன். முதல் அரைமணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பேன், எழுந்து ஆடுவது அதற்கு மேல்.