மூன்று நோன்பு



கடந்த செவ்வாய்க்கிழமை, மே 6, மஃரிபுக்குப் பிறகு ஆட்கள் கலைந்துபோன நேரத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். கரைவலை இழுக்கிறவர். 2023 மார்ச் 9இல் நடந்திருக்க வேண்டிய பிரதேச சபைத் தேர்தல், இரண்டு வருடம் பிந்தி அன்றுதான் நடந்தது. அவருடைய விரலில் மை இருந்தது. தூணோரமாக உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஹஸ்ரத், ஒரு ஆளுக்குப் போடுறன் எண்டு குர்ஆனில கைவெச்சுச் சத்தியம் பண்ணிற்றன். உள்ளுக்குப் போனாப்பிறகு மனசு கேக்கல்ல. வேற ஆளுக்குப் போட்டுற்றன். நான் குற்றவாளியா?”

எதற்காகச் சத்தியம் செய்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், ஒரு கவர் தந்தார்கள் என்று. எந்தக் கட்சி, யார் தந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் என்னிடம் கேட்காதீர்கள்.

அந்த மனிதரின் பயம் எங்கே இருந்தது, பாருங்கள். சத்தியம் முறிந்ததற்காக நடுங்குகிறார். கவரை வாங்கியது அவருக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன? அவருக்கு அப்படித் தோன்றாதபடி பழக்கியது இந்த ஊர்தானே. இந்த மிம்பரில் நின்று வட்டியைப் பற்றிப் பேசியிருக்கிறேன், சீதனத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வாக்கு விற்பதைப் பற்றி எத்தனை ஜும்ஆவில் பேசினேன்? எண்ணிப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு ஹதீஸ் வருகிறது. மறுமையில் அல்லாஹ் பேசவும் மாட்டான், பார்க்கவும் மாட்டான் என்று ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் மூன்று பேரைச் சொல்கிறார்கள். தன் தேவைக்கு மேல் தண்ணீர் இருந்தும் வழிப்போக்கனுக்குக் கொடுக்க மறுத்தவன் ஒருவன். அஸருக்குப் பிறகு பொய்ச் சத்தியம் செய்து சரக்கை விற்றவன் இன்னொருவன். இவர்களோடு சேர்த்து நபியவர்கள் நிறுத்துவது யாரை? தலைவருக்கு உலக ஆதாயத்துக்காக மட்டும் பைஅத் என்ற விசுவாச உறுதிமொழி செய்தவனை. கொடுத்தால் கூட நிற்பான், கொடுக்காவிட்டால் முகம் திருப்பிக்கொள்வான்.

வாய்க்கால் தண்ணீரை ஒருவன் இரவில் கள்ளத்தனமாகத் தன் வயலுக்குத் திருப்பினால் போடிமாரும் வட்டை விதானையும் சும்மா விடுவார்களா? மரைக்கால் குறைத்து நெல் அளந்தவனுக்கு மறுபோகம் யாராவது நெல் கொடுப்பார்களா? தண்ணீரிலும் அளவையிலும் நாம் அவ்வளவு கண்டிப்பு. அதே வரிசையில் நிற்கிற மூன்றாவது ஆளுக்கு மட்டும் “கெட்டிக்காரன், ரெண்டு பக்கமும் வாங்கினான்” என்று பெயர் வைத்துச் சிரிக்கிறோம்.

இது இன்று நேற்று வந்த நோயும் அல்ல, மற்றச் சமூகத்தாருக்கு மட்டுமான நோயும் அல்ல. 1959இல் நியமிக்கப்பட்ட தலகொடபிட்டிய ஆணைக்குழு, நாடாளுமன்ற உறுப்பினர்கள் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டுகளை விசாரித்தது. நிரூபிக்கப்பட்டதாக அது சொன்ன பெயர்களில் நமது அண்டைத் தொகுதியான கல்முனையின் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரின் பெயரும் இருந்தது. மறைந்தவர்களின் குறையைக் கிளறுவது நம் அதபு அல்ல. இந்தக் கரைக்கு அவர் செய்த நன்மைகளுக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். நான் சொல்ல வந்தது வாக்காளர்களைப் பற்றி. அறிக்கை 1960இல் வந்துவிட்டது. 1965 மார்ச் தேர்தலில் கல்முனை அவரையே மறுபடி தெரிவு செய்து அனுப்பியது. அந்த வருடக் கடைசியில் குடியியல் தகுதியீனச் சட்டம் என்று ஒன்றை இயற்றித்தான் அவருடைய ஆசனத்தைப் பறித்தார்கள். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போய், 1967இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அறிக்கை தெரிந்தும் வாக்குப் போட்டவர்கள் யார்? நமக்கு மாமன் மச்சான்மார். “நம்ம ஆள்” என்ற ஒரு சொல், ஆணைக்குழுவின் அறிக்கையைவிடக் கனமாக இருந்தது. இப்போது மட்டும் என்ன, இலேசாகிவிட்டதா?

அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸக்காத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுடையது, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபியவர்கள் கோபத்தோடு மிம்பரில் ஏறினார்கள். தாய் வீட்டிலோ தகப்பன் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். கையொப்பத்துக்கு முன் மேசைக்கு வருகிற பார்சலைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டில் இலஞ்சச் சட்டம் 1954இல் வந்தது. இலஞ்ச ஆணைக்குழுவுக்கு முறையிடும் தொலைபேசி இலக்கமும் 1954தான். மறப்பதற்கு வழியில்லை.

பிள்ளைகளே, வாலிபர்களே, பின் வரிசையில் இருக்கிறவர்களே. நீங்கள் கிரிக்கெட் பார்க்கிறவர்கள். 2010 ஓகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானின் முஹம்மது ஆமிர் போட்ட நோபோலைப் பார்த்திருப்பீர்கள். கோட்டைத் தாண்டி எவ்வளவு தூரத்தில் கால்! அவருக்கு அப்போது வயது 18. தலைவரும் மூத்த பந்துவீச்சாளரும் தரகரும் சேர்ந்த கூட்டு அது. ஒரு நோபோலுக்கு ஒரு ஓட்டம்தான். அதனால் போட்டி தோற்றுவிடுமா என்று யாரோ அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வருடம் நால்வரும் இலண்டனில் சிறைக்குப் போனார்கள். “ஒரு நோபோல்தானே”, “ஒரு வோட்டுத்தானே”. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிற பேச்சு. நம் நாட்டிலும் 2019இலிருந்து ஆட்டநிர்ணயம் சிறைக்குரிய குற்றம், பத்து வருடம் வரைக்கும்.

ஆனால் உங்களிடம் தரகர் வரப்போவதில்லை. உங்களுக்கு வருவது வேறு. பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டியில் பத்தொன்பது வயதுப் பிள்ளையை இறக்குவது. கபடியில் உங்களைத் தொட்டுவிட்டான், நடுவர் காணவில்லை, தொட்டது உங்கள் தோலுக்குத் தெரியும். அப்போது என்ன செய்வீர்கள்? நபியவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு நீண்ட ஓட்டம், பயிற்றப்படாதவற்றுக்கு பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரைக்கும் குறுகிய ஓட்டம் என்று எல்லையைப் பிரித்து வைத்தார்கள். இப்னு உமர் ரழியல்லாஹு அன்ஹு அதில் ஓடியிருக்கிறார். நபியவர்களுடைய அல்அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு நாட்டுப்புற அறபியின் இளம் ஒட்டகம் முந்திவிட்டது. ஸஹாபாக்களுக்குத் தாங்கவில்லை. நபியவர்களோ, உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தில் பேசி, அந்தத் தோல்வியை ஏற்றுக்கொண்டார்கள். மறு ஓட்டம் கேட்கவில்லை.

நம்பிக்கையாளர் சபையினரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தேர்தல் காலத்தில் பள்ளிக்கு விரிப்பு, மின்விசிறி, ஒலிபெருக்கி என்று வருகிறதை வாங்காதீர்கள். இன்னொரு மாதம் வெறும் பாயில் ஸுஜூது செய்யலாம். நாமே வாங்கிக்கொண்டு, கரைவலைக்காரனிடம் போய் ஹராம் என்று சொல்ல முடியாது.

அன்று அந்தக் கரைவலைக்காரருக்கு நான் சொன்ன பதில் இதுதான். காசுக்காக வாக்கை எழுதிக்கொடுக்கிற சத்தியத்தை நிறைவேற்றக் கூடாது, முறித்தது சரி. முறித்ததற்குக் கஃப்பாரா உண்டு. பத்து ஏழைகளுக்கு உணவோ உடுப்போ கொடுக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாவிட்டால் மூன்று நோன்பு. காசு உங்களுடையது அல்ல, தந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அதில் பாதி பிள்ளைகளின் செலவுக்குப் போய்விட்டது என்றார். வலைப் பங்கு கிடைக்கக் கிடைக்கக் கட்டிவிடுகிறேன் என்றார்.

புதன்கிழமை ஆரம்பித்தார். இன்று அவருக்கு மூன்றாவது நோன்பு.