பலி என்ற சொல்

திருவனந்தபுரம் பூஜப்புராவில், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் செம்மறியாடுகளிடம் அது சோதிக்கப்பட்டது. எனவே விலங்குச் சோதனை பற்றிய கேள்வி இவ்வூராருக்குத் தொலைவானதன்று.

ஆய்வுக்கூடத்தில் எலிகளைக் கையாளும் இளம் அன்பர் ஒருவர் அக்கேள்வியை மிகக் கடுமையான வடிவில் கேட்டார்: "பச்சிளங் குழந்தைகளைக் காப்பதற்காகக் குரங்குக் குட்டிக்கு வேண்டுமென்றே நோயைக் கொடுக்கலாமா, சுவாமிஜி?"

அவர் குறிப்பிட்டது எய்ட்ஸ் ஆராய்ச்சியை. எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து கருவிலோ, பிறப்பின்போதோ, தாய்ப்பால் வழியாகவோ அக்கிருமி குழந்தையை அடையலாம். தடுப்பு ஏதும் இல்லையெனில், அத்தகைய தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்குத் தொற்றுகிறது. பிறந்த குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றல் பெரியவர்களுடையதைப் போன்றதன்று. கிருமி நுழைந்த முதல் சில நாட்களில் உள்ளே நிகழ்வதை மனிதக் குழந்தையின் உடலைத் திறந்து பார்க்க இயலாது. ஆதலால் எச்.ஐ.வி.க்கு உறவான எஸ்.ஐ.வி. என்னும் கிருமியைச் செம்முகக் குரங்குக் குட்டிகளின் வாய்வழியே செலுத்தி ஆராய்கிறார்கள். டெனோஃபோவிர் என்ற மருந்து தொற்றைத் தடுக்கவல்லது என்பது 1990களில் குரங்குகளிடமே தெரியவந்தது. இன்று கருவுற்ற தாய்மார் உட்கொள்ளும் கூட்டு மருந்தில் அதுவும் ஒன்று.

இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. செம்முகக் குரங்குகளின் ஏற்றுமதியை இந்தியா 1978இல் தடை செய்தது. அதற்கு முன் சென்றவற்றின் வழித்தோன்றல்களே அமெரிக்க ஆய்வு மையங்களில் பெரிதும் பயன்படுகின்றன. எஸ்.ஐ.வி.யோ ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு உரியது. நம் காட்டில் அந்தக் குரங்கு ஒருபோதும் சந்தித்திராத நோய் அது.

விலங்கை வதைப்பவன் மனிதரிடமும் இரக்கமற்றவனாகிவிடுவான் என்பதே கான்ட் என்ற தத்துவஞானி கண்ட தீங்கு. அவ்வாதம் இங்கே உதவாது. ஊசி பிடிக்கும் கை மிகக் கனிவான கையாகவும் இருக்கலாமே! குட்டி நம் குழந்தையை ஒத்திருப்பதால்தான் சோதனை பயன்படுகிறது. ஒத்திருப்பது குருதி மட்டும்தானா? தாயைத் தேடுவதும் ஒத்ததுதான்.

ஆனாலும், மருந்துக்காகக் காத்திருக்கும் ஒரு தாயிடம் சென்று, இந்த ஆராய்ச்சியே நடந்திருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நடந்ததை ஏற்கிறேன், அது தீங்கன்று என்பதை ஏற்கவில்லை. கடன் வாங்கினோம். ஏற்கெனவே விடை தெரிந்த சோதனையை மறுபடி செய்தாலோ, கண்டறிந்த மருந்து ஓர் ஏழைத் தாயை எட்டாமல் போனாலோ அக்கடன் பெருகும். நம் நாட்டில் கருவுற்ற எல்லாத் தாய்மாரையும் எச்.ஐ.வி. பரிசோதனை இன்னும் சென்றடையவில்லை.

ஆய்வேடுகளில் விலங்கைக் கொன்றதை, 'பலியிட்டோம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிப்பது வழக்கமாம். யாகம் செய்பவன் தனக்குரியதைத் தருகிறான். இங்கே நாம் தந்தது என்ன? குட்டியும் தன்னைத் தரவில்லை, நாம் எடுத்துக்கொண்டோம்.

அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தம் குறிப்பேட்டில் என்னவென்று எழுதுவது என்று மட்டும் கேட்டார்.

"கொன்றோம் என்றே எழுதுங்கள்" என்றேன்.