பாதுகாப்பும் பற்றாக்குறையும்: மறுக்கும் உரிமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஓர் அரசு தன் பாதுகாப்பின் பொருட்டுத் தன் குடிகளுள் ஒரு பகுதியினருக்கு விளக்கெரிக்கும் எண்ணெயையும் பயிருக்கிடும் உரத்தையும் மறுக்கலாமா? போர் முடிந்ததும் இவ்வினாவும் முடிந்துவிடும் எனக் கருதுவோர் உளர். ஆயின், போர்க்காலத்தில் ஒருமுறை ஏற்கப்பட்ட நியாயம் அமைதிக் காலத்திலும் ஆட்சியாளரின் கைவசம் இருந்துகொண்டே இருக்கும். அடுத்த நெருக்கடி தோன்றும்போது அது மீண்டும் எடுத்தாளப்படும். இலங்கையின் வடபகுதியில் 1990 முதல் 2009 வரை விட்டுவிட்டு நிலவிய பொருட்தடையின் அரசியற் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தடைக்குக் கூறப்பட்ட நியாயம் எத்தகையது, அஃது எவ்வெல்லைவரை செல்லத்தக்கது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். மழை பொய்ப்பதாலும் வெள்ளம் பெருகுவதாலும் உண்டாகும் பற்றாக்குறைக்கு எவரையும் ஆக்கியோராகக் கூறவியலாது. அந்நிலையில் உதவினரா, உதவாதிருந்தனரா என்பதே கேட்கத்தக்கது. கட்டளையினால் உண்டாகும் பற்றாக்குறையோ ஒருவர் கையொப்பமிட்டு ஆக்கியது. பொருள் நாட்டில் உண்டு. அதனைக் கொண்டுசெல்லப் பாதையும் உண்டு. இடையில் நிற்பது ஒரு பட்டியல். ஆதலின், அப்பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் அதனை எழுதியவர் விடைகூறக் கடமைப்பட்டவர் ஆகின்றார்.

1990 ஜூனில் அரசாங்கப் படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கான மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, யூரியா முதலியன தடைக்குள்ளாயின. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின், கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடப்பதே பொதுமக்களின் வழியாயிற்று. அதுவும் உயிரைப் பணயம் வைக்கும் வழி. தடை 1994 இல் ஓரளவு தளர்த்தப்பட்டு, 1995 ஏப்ரலில் போர் மீண்டதும் இறுகியது. வன்னியிலே அது 2002 ஜனவரி வரை நீடித்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி முகமாலையில் மூடப்பட்டதும், அப்போது அரசாங்கத்தின் கட்டுப்பாட்டிலேயே இருந்த குடாநாட்டில் பற்றாக்குறை மீண்டும் தலைதூக்கியது.

தடைக்குக் கூறப்பட்ட நியாயத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வது ஆய்வு நேர்மையாகும். பற்றரியினால் கண்ணிவெடியை இயக்கலாம். யூரியாவிலிருந்து வெடிமருந்து ஆக்கலாம். சீமெந்தினால் பதுங்குகுழி அமைக்கலாம். டீசலினால் போர்ப்படகு ஓடும். இவை கற்பனைகள் அல்ல. தன் படைவீரர் கால்வைக்கும் நிலத்தில் வெடிக்கவிருக்கும் பொருளைத் தானே அனுப்பிவைக்குமாறு எந்த அரசையும் அறம் கட்டாயப்படுத்தாது. இவ்வளவில் இந்நியாயம் ஏற்கத்தக்கதே.

ஆயின், இந்நியாயம் ஓரிடத்தில் நிற்கவல்லதா என்பதே கேள்வி. குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. பயிர்ச்செய்கை கிணற்றை நம்பியது. வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் நீரிறைக்க இயந்திரம் வேண்டும். இயந்திரத்திற்கு எண்ணெய் வேண்டும். விளைச்சலுக்கு உரம் வேண்டும். நீரிழிவு நோயாளிக்குரிய இன்சுலினைக் குளிரிற் பேணவேண்டும். குளிருக்கு மின்சாரம் வேண்டும். மின்பிறப்பாக்கிக்கு டீசல் வேண்டும். வானொலிக்குப் பற்றரி இல்லையெனின் எவ்விடத்தில் எறிகணை வீழ்கின்றது, எப்பாதை மூடப்பட்டது என்னும் செய்தியும் இல்லை. அடிப்படைத் தேவைகள் ஒன்றோடொன்று கோவைப்பட்டவை. ஒன்றைப் பறித்தால் மற்றையது தானே சரியும். போராளியும் உண்பவன், நோயுறுபவன், இரவில் ஒளி வேண்டுபவன். ஆதலின், எதிரிக்குப் பயன்படக்கூடியது எதுவோ அதனை மறுக்கலாம் என்பது விதியாயின், சோற்றையும் நீரையும் மறுக்காதிருப்பதற்கு அவ்விதியினுள் ஒரு காரணமும் இல்லை. தன்னைத்தானே கட்டுப்படுத்த இயலாத இத்தகைய நியாயத்திற்கு வெளியிலிருந்து ஓர் எல்லை இடப்படல் வேண்டும்.

மேலைத்தேயச் சட்ட வரலாறும் இவ்வெல்லையைத் தேடிய வரலாறே எனலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 இல், வடபுலப் படையினருக்கென வகுக்கப்பட்ட லீபர் விதிக்கோவை, ஆயுதம் ஏந்திய எதிரியை மாத்திரமன்றி ஏந்தாதவரையும் பட்டினியிட்டுப் பணியவைத்தல் முறையானதே எனக் கூறிற்று. 1949 ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, பொதுமக்களுக்கான மருந்தையும், பதினைந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்குமான உணவையும் உடையையும் தடையின்றிச் செல்லவிடுமாறு பணித்தது; ஆயினும் அவை எதிரியின் கைக்கு மாறும் என அஞ்சுதற்குத் தக்க காரணம் இருப்பின் மறுக்கலாம் என ஒரு கதவைத் திறந்தே வைத்தது. உள்நாட்டுப் போர்களுக்கான 1977 ஆம் ஆண்டின் இரண்டாம் மேலதிக நெறிமுறை, பொதுமக்களைப் பட்டினியிடுவதைப் போர்முறையாகக் கொள்ளல் ஆகாது எனத் தெளிவுறக் கூறியது. இலங்கை அந்நெறிமுறையில் இணையவில்லை. எனினும் சட்டத்தில் இணையாமை அறத்தின் கேள்வியிலிருந்து விடுதலை ஆகாது.

இவ்விடத்தில் அறவியலார் இரட்டை விளைவுக் கோட்பாட்டைத் துணைக்கு அழைப்பர். நன்னோக்குடன் செய்யப்படும் ஒரு செயலால் தீய விளைவொன்றும் நேரும் என முன்னறிந்திருந்தாலும், அத்தீமை நோக்கமாகவோ நோக்கத்தை அடையும் கருவியாகவோ அமையாமலும், பெறும் நன்மையிலும் மிகாமலும் இருப்பின் அச்செயல் மன்னிக்கத்தக்கது என்பது அதன் சாரம். தடைவிதித்தோரும் தம் நோக்கம் எதிரியின் படைக்கலமே, மக்களின் துயர் பக்கவிளைவே என்றனர். இக்கூற்றைச் சோதித்தறிய ஒரு வழி உண்டு. மக்கள் தடையை மீறாமலேயே தம் தேவையை வேறு வகையால் நிறைவேற்றிக் கொண்டால், கட்டளையிட்டவர் அதனை எவ்வாறு நோக்குவார்? குடாநாட்டு மக்கள் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்டு விளக்காக்கினர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சவர்க்காரத்திற்கு மாற்றாகப் பனங்களியால் ஆடை தோய்த்தனர். பெற்றோல் சில துளிகளால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டினர். எதிரியின் படைக்கலமே நோக்கமாயின், இவற்றைக் கண்டு கட்டளையிட்டவர் ஆறுதல் அடைதல் வேண்டும். மக்கள் வாழ்கின்றனர், படைக்கலமும் பெருகவில்லை. மாறாக, மண்ணெண்ணெயின் அளவையும் இனிக் குறைக்கவேண்டும் என அவர் எண்ணுவாராயின், மக்களின் துயர் பக்கவிளைவு அன்று, அதுவே கருவியாகிவிட்டது. மனிதரை வெறுங் கருவியாகக் கொள்ளல் ஆகாது என்னும் கான்ற்றின் நெறி மீறப்படுவது அக்கணத்திலேயே.

நம் மரபிலும் இதற்கோர் அளவுகோல் உண்டு. திருக்குறளின் நாடு என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் மிக்க பசி, நீங்காத நோய், அழிக்கும் பகை ஆகிய மூன்றும் சேராதிருத்தலை நாட்டிற்கு இலக்கணமாக வைக்கின்றார். பகையை மாத்திரம் தனியே பிரித்து, அதனை நீக்குதலே பாதுகாப்பு என அவர் கூறவில்லை என்பது நோக்கற்பாலது. பகையை நீக்கும் பொருட்டுப் பசியையும் பிணியையும் ஓர் ஆட்சி தானே விளைவிக்குமாயின், மூன்று கேடுகளுள் ஒன்றைப் போக்க மற்றை இரண்டையும் நாட்டினுள் அழைத்துவந்ததாகவே முடியும்.

மறுப்புரை ஒன்று எழலாம். தடைக்காலம் முழுவதும் கச்சேரிகள் இயங்கின. அரசாங்க அதிபர் ஊடாக உலர் உணவு சென்றது. ஆசிரியர்க்கும் வைத்தியர்க்கும் சம்பளம் கொழும்பிலிருந்தே வந்தது. பொதுப் பரீட்சைகள் நடைபெற்றன. பகைவர் கட்டுப்பாட்டிலிருந்த நிலத்திற்கு இவ்வளவும் அனுப்பிய அரசைக் கொடியது எனல் தகுமா? இவ்வுண்மையை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் இதிலிருந்து பெறப்படும் முடிபு வேறு. சம்பளமும் பரீட்சையும் அனுப்பியமையால் அம்மக்களைத் தன் குடிகள் என்று அரசே ஏற்றுக்கொண்டது. அயல்நாட்டாரை முற்றுகையிடும் வேந்தனுக்கு இல்லாத கடப்பாடு அவ்வேற்பினால் அரசுக்கு உண்டாகின்றது. பிள்ளையைப் பரீட்சைக்கு அழைத்த கை, அவன் இரவிற் படிப்பதற்குரிய எண்ணெயை அளந்து குறைக்கும்போது தன்னோடு தானே முரண்படுகின்றது.

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். சோழர் குலத்து நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருந்தபோது, கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த நெடுங்கிள்ளியைக் கோவூர்கிழார் பாடிய பாடல் புறநானூற்றில் உண்டு. கவளம் பெறாத யானைகளையும், பாலின்றி அலறும் குழந்தைகளையும், நீரற்ற இல்லங்களில் எழும் புலம்பலையும் காட்டி, அறத்தை விரும்பினால் கதவைத் திறந்து கொடு, மறத்தை விரும்பினால் திறந்து போரிடு, இரண்டுமின்றி அடைத்திருத்தல் நாணத்தக்கது என்கின்றார் புலவர். முற்றியவன் இருக்க, முற்றப்பட்டவனையே அவர் வினவுகின்றார் என்பது கருதற்பாலது. மக்களைத் தன் மதிலுக்குள் வைத்திருப்பவனும் அவர்தம் பசிக்கு விடைகூறவேண்டியவனே.

விடுதலைப் புலிகள் இவ்வினாவிற்கு விலக்கானவர் அல்லர். வெளியேற விரும்பியோர் அவர்களிடம் அனுமதி பெறவேண்டியிருந்தது. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம் மக்களை அவர்கள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணிநேர அவகாசமே அளிக்கப்பட்டது. மக்கள் தம் உடைமைகளை விட்டே போக நேர்ந்தது. அதற்குக் கூறப்பட்டதும் பாதுகாப்பு என்னும் அதே நியாயமே. ஒரு சிலர் மீதான ஐயத்தைக் காட்டி ஒரு சமூகம் முழுவதன் வாழ்வாதாரத்தைப் பறிக்கலாம் என்பதை நாம் ஓரிடத்தில் ஏற்போமாயின், பிறிதோரிடத்தில் மறுப்பதற்குரிய தகுதியை இழப்போம். தடையின் கொடுமையை உணர்ந்த தமிழ் அறிஞர் இதனை மனங்கொள்ளல் இன்றியமையாதது.

2009 இல் இவ்விரு பொறுப்புகளும் ஒரே மணற்றிட்டில் வந்து சந்தித்தன. வன்னியிற் சிக்குண்டோர் ஏறத்தாழ 70,000 பேர் என அவ்வாண்டின் முற்பகுதியில் அரசாங்கம் கூறியது. போரின் முடிவில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் 2,80,000 க்கும் மேற்பட்டோர். உணவும் மருந்தும் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டே அனுப்பப்படுவன. ஆகவே பொருளைத் தடுக்காமலே, ஆட்களின் தொகையைக் குறைத்துக் கூறுதலாலும் மறுத்தல் இயலும் என்பது அங்கே புலப்பட்டது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை, உதவி மறுக்கப்பட்டமை பற்றியும், மக்களை வெளியேறவிடாது புலிகள் தடுத்தமை பற்றியும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள எனக் கூறியது. ஒரு சாராரின் தவறு மறுசாராரின் தவறைக் கழித்துவிடும் கணக்கு அறவியலில் இல்லை. இரண்டும் கூடியே மக்கள் மீது விழுந்தன.

அண்மைக்காலத்து அனுபவம் ஒன்று இவ்வாய்வை மேலும் தெளிவாக்கும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதற்கும் தடைசெய்யப்பட்டபோது விவசாயிகள் வீதிக்கு இறங்கினர். சில மாதங்களில் தடை கைவிடப்பட்டது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்றது. தெற்கிலும் மக்கள் எரிவாயுவிற்கும் மண்ணெண்ணெய்க்கும் நெடுநேரம் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஜூலையில் சனாதிபதி பதவி துறந்தார். வடக்கு முன்னரே அறிந்திருந்த இருளை முழு நாடும் அறிந்தது என்று கூறி அமைந்துவிடுதல் போதாது. வேறுபாடே இங்குப் பாடமாகின்றது. 2022 இல் மக்கள் தம்மை வருத்திய முடிவுகளை எடுத்தோரைக் கேள்வி கேட்கமுடிந்தது. 1990 களில் குடாநாட்டு உழவன் யூரியா ஏன் இல்லை எனக் கொழும்பைக் கேட்கவும் இயலவில்லை; தன்னை ஆண்டோரைக் கேட்கவும் இயலவில்லை. கேட்கவியலாதவர் மீது விதிக்கப்படும் மறுப்பு, பொருள் ஒன்றாயினும், அறத்தில் வேறானது. அதனைத் திருத்தும் கை அவர்களிடம் இல்லை.

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபு இது: ஆபத்துள்ள ஒரு பொருளை மறுக்கும் உரிமை அரசுக்கு உண்டு, ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்வை மறுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கோட்டைக் காப்பதற்கு நிரூபிக்கும் சுமை மறுப்பவர் மேலேயே இருத்தல் வேண்டும். இப்பொருள் ஏன் எனக் கேட்கும் தாய் தன் குற்றமின்மையை நிறுவவேண்டியதில்லை. பட்டியலிட்டவரே ஒவ்வொரு பொருளுக்கும் காரணம், கால எல்லை, மாற்று ஏற்பாடு ஆகிய மூன்றையும் கூறக் கடமைப்பட்டவர். காரணம் கூறப்படாத பொருள் பட்டியலிலிருந்து நீங்குதல் வேண்டும். கால எல்லை கடந்தது தானே செயலிழத்தல் வேண்டும். உரம் மறுக்கப்படின் உணவும், மின்சாரம் மறுக்கப்படின் வைத்தியசாலைக்கு எரிபொருளும் மறுத்தவரிடமிருந்தே வருதல் வேண்டும்.

இவை போர்க்களத்தில் வகுக்கப்படும் விதிகள் அல்ல. அச்சம் மிகுந்த காலத்தில் இவற்றை எண்ணுதற்கு எவர்க்கும் பொறுமை இராது. துப்பாக்கி ஓய்ந்துள்ள காலத்தில், எதிர்காலத்து நிருவாகிகளும் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் பயிலும் பல்கலைக்கழகத்திலே எண்ணிவைக்கப்பட வேண்டியவை அவை. இன்று இங்குக் கற்போருள் ஒருவர் நாளை அத்தகைய பட்டியலொன்றைத் தயாரிக்கும் மேசையில் அமர்த்தப்படலாம். ஒவ்வொரு பெயரையும் எழுதுமுன் ஏன் எனக் கேட்கும் வழக்கம் அவரிடம் முன்னரே வேரூன்றியிருத்தல் வேண்டும்.