பின்தங்கியவரோடு யார் நடப்பது?

2016 ஜூலை 30, சனிக்கிழமை. போலந்தின் கிரக்கோவ் நகரிலிருந்து பிஷெகி என்ற ஊரின் திறந்தவெளித் திடலை நோக்கி இலட்சக்கணக்கான இளையோர் வெயிலில் நடந்துகொண்டிருந்தார்கள். முதுகில் பை, பையின்மேல் சுருட்டிய பாய், தோளில் சொந்த நாட்டுக் கொடி. அன்றிரவு திருவிழிப்பு, மறுநாள் திருத்தந்தை பிரான்சிஸ் நிறைவேற்றும் திருப்பலி. அது இரக்கத்தின் யூபிலி ஆண்டு. மலைப்பொழிவில் இரக்கமுடையோரை இயேசு வாழ்த்திய சொற்களே அந்த உலக இளையோர் நாளின் கருப்பொருள். திடலுக்கும் இரக்கத்தின் பெயரையே சூட்டியிருந்தார்கள்.

முந்தைய ஆகஸ்டிலேயே பிரான்சிஸ் இளையோரிடம் ஒன்று கேட்டிருந்தார்: 2016-இன் முதல் ஏழு மாதங்களில், மாதந்தோறும் உடல் சார்ந்த இரக்கச் செயல் ஒன்றையும் ஆன்மா சார்ந்தது ஒன்றையும் தேர்ந்துகொண்டு செய்யுங்கள். பசித்தவருக்கு உணவளிப்பது, நோயாளியைச் சந்திப்பது, சிறையிலிருப்பவரைப் பார்ப்பது என்று முதல் வகையில் ஏழு. அறியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது, துயருற்றவரைத் தேற்றுவது என்று இரண்டாம் வகையில் ஏழு. தொல்லை தருபவரைப் பொறுமையோடு தாங்கிக்கொள்வதும் இந்த இரண்டாம் பட்டியலில்தான் இருக்கிறது. திருப்பயணத்தில் அதிகம் தேவைப்படுவதும் கடினமானதும் அதுவே. முன்பின் தெரியாத ஏழைக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிடலாம். பள்ளிக்கூடத் தரையில் பக்கத்தில் படுத்து இரவெல்லாம் குறட்டை விடுகிறவனிடம் காலையில் முகம் கொடுத்துப் பேசுவதற்கு வேறு மனம் வேண்டும்.

இப்படிப்பட்ட நடையில் எந்தக் குழுவுக்கும் நேரக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒருத்திக்குக் குதிகாலில் கொப்புளம். புது ஷூ வேண்டாம் என்று புறப்படும் முன்பே சொல்லியிருந்தும் கேட்கவில்லை. காலுறையைக் கழற்றினால் தோலும் சேர்ந்து வருகிறது. பிளாஸ்திரி ஒட்டியும் பத்தடிக்கு மேல் நடக்க முடியவில்லை. மற்றவர்கள் சாலையோரம் நிற்கிறார்கள். தாமதமானால் நல்ல இடம் போய்விடும். திருத்தந்தை கடந்துபோவதைக் கிட்டத்தில் பார்க்கவும் முடியாது. அவளுக்காக எல்லோரும் நிற்க வேண்டுமா?

சொன்னதைக் கேட்காமல் வந்த வினைதானே என்பது முதலில் எழும் முணுமுணுப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் அரசர் சிறையிலிருப்பவரைப் பற்றிப் பேசும்போது, அவர் எதற்காகச் சிறைக்குப் போனார் என்ற பேச்சே வரவில்லை. பார்க்கப் போனீர்களா என்பது மட்டுமே கேள்வி. கொப்புளத்துக்கும் அந்த அளவு போதும்.

அதற்காக, குழுத் தலைவர் “எல்லாரும் நில்லுங்கள்” என்று ஆணையிட்டால் அது இரக்கமாகிவிடாது. அவர் கொடுப்பது பிறருடைய நேரம். பணம் சேர்த்து, விசாவுக்கு அலைந்து, ஓராண்டாகக் காத்திருந்து வந்தவர்களின் நேரம். இரக்கத்துக்கான விலையை இரக்கம் காட்டுபவர்தான் கொடுக்க வேண்டும். கொடியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, “நீங்கள் போங்கள், நான் இவளோடு வருகிறேன்” என்று பின்தங்குகிறாரே, அவர்தான் தம்முடையதைக் கொடுக்கிறார்.

கிரக்கோவிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டரில் நாஜிகளின் வதைமுகாம் இருந்த அவுஷ்விட்ஸ் இருக்கிறது. 1941-இல் அங்கே பட்டினிச் சாவுக்குக் குறிக்கப்பட்ட ஒரு குடும்பத் தலைவருக்குப் பதிலாகத் தாம் போவதாகக் குரு மாக்சிமிலியன் கோல்பே முன்வந்தார். திடலுக்கு இளையோர் நடந்ததற்கு முந்தைய நாள்தான் பிரான்சிஸ் கோல்பேயின் சிறையறையில் மௌனமாக அமர்ந்து செபித்தார். ஒரு கொப்புளத்தையும் அந்தச் சாவையும் அருகருகே வைப்பது சரியல்ல. ஆனாலும் கோல்பே இன்னொருவரைக் கைகாட்டவில்லை, தம்மையே கொடுத்தார் என்பது சின்ன விஷயங்களுக்கும் அளவாகிறது.

இந்த அளவை வைத்துப் பார்த்தால், இரக்கம் என்று பெயர் பெற்ற சில பழக்கங்கள் தேறுவதில்லை. குழுவில் பாத்திரம் கழுவுவதும் அறையைக் கூட்டுவதும் வாய் திறக்காத இரண்டு பெண்கள் தலையிலேயே விழுவது வழக்கம். அவர்களுடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டு மற்றவர்கள் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வேண்டியது புகழ்ச்சியல்ல, வேலைப் பங்கீடு. அதைவிட மோசம், ஒருவன் ஒரு பெண்ணிடம் எல்லை மீறும்போது “திருப்பயணத்தில் வந்திருக்கிறோம், மன்னித்துவிடு” என்று அவளிடம் சொல்வது. அவனுக்குக் காட்டும் இரக்கத்தின் விலையை அவளிடம் வாங்குகிறார்கள். தொல்லையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் போதனை இதற்குப் பொருந்தாது. அவனைக் குழுவிலிருந்து விலக்கி, பொறுப்பாளரிடம் தெரிவித்த பிறகுதான், அவன் மனம் திருந்துவதைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை வருகிறது.

சாலையோரம் நின்ற குழுவில், முன்னால் போகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. பின்தங்கிய இருவரின் பைகளையும் பகிர்ந்து சுமக்கலாம். திடலில் இரண்டு பாய்க்கு இடம் பிடித்து, பகுதி எண்ணைக் கைபேசியில் அனுப்பலாம். தண்ணீர் பிடிக்கும் வரிசையில் அவர்களுக்கும் சேர்த்து நிற்கலாம். மறுநாள் திரும்பும் நடையில் கடைசியாக வரும் பொறுப்பையும், திருவிழிப்பு முடிந்ததும் தங்களுக்குள் பேசி, வேறொருவர் ஏற்றுக்கொள்ளலாம்.