படித்தவர் யார்?

பொதுக் கிணற்றில் எல்லோரும் நீர் இறைக்கலாம். தூர் வாருவது யார் என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்த கம்ப்யூட்டர் நிரல்களின் கதையும் அதுதான்.

இணையத்தில் நம் ரகசியங்களுக்குப் பூட்டாக இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில், 2012-இல் வெளியான பிழையொன்று 2014 ஏப்ரல் வரை அம்பலமாகவில்லை. அது எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. சேர்க்குமுன் ஒருவர் பார்த்துச் சம்மதித்தும் இருந்தார். ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கைதான் ஆயிரம் பேரையும் பாராதிருக்கச் செய்ததோ?

ஆகவே, திருத்தங்களைச் சரிபார்க்க எந்தக் கருவி ஏற்றது என்பதை வெறும் வசதிப் பிரச்சினையாக நான் கருதவில்லை. கிட்ஹப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் சம்மதம் பதிவாகிவிடும். புதியவர்களுக்கும் அங்கே எளிதில் இடமுண்டு. அது சின்ன நன்மையல்ல. லினக்ஸ் கெர்னலுக்கு உழைப்பவர்களோ திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பி, வரிவரியாக வாதாடுகிறார்கள். சிரமமான வழிதான். ஆனால், அங்கே சரிபார்த்தவர் தம் பெயரை ஒரு வரியாக எழுதித் தருகிறார். பிழையே இராது என்ற உத்தரவாதமல்ல அது. 'ஆராய்ந்தேன், எனக்குத் தெரிந்து குறையில்லை' என்ற வாக்குமூலம்.

படிக்காமலே அதையும் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். மனச்சாட்சியின் வேலையை எந்தக் கருவியும் செய்யாது. ஆனால், மௌனமாகப் பொய் சொல்ல இடம் தரும் வழியைவிட, வாய் திறந்துதான் சொல்லியாக வேண்டும் என்று வைக்கும் வழியே எனக்கு உயர்வாகப் படுகிறது. பலர் அந்த இடத்தில் சற்றுத் தயங்குவார்கள். தயங்கியவர் ஒருமுறை படித்தும் பார்ப்பார்.